இருபது வளைவு, ஒரு தூக்கம்: டி அண்ட் டி-யில் மந்திரவாதிகளைச் சமப்படுத்தும் வீட்டு விதிகள்

டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்பது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு. ஐந்தாம் லெவலைத் தொட்டதும் பெரும்பாலான டி அண்ட் டி மேசைகளில் ஒரே மாதிரி முணுமுணுப்பு கிளம்பும். விசார்ட் என்ற மந்திரவாதி ஒரு ஃபயர்பால் போட்டால் கொள்ளைக் கூட்டமே கருகிவிடுகிறது. வாளோடு நிற்கும் ஃபைட்டர் தன் முறை வரும்போது மிச்சமிருக்கும் ஒருவனைத் தேடி ஓடுகிறார். சேலத்தில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடி, விளக்கு வைப்பதற்குள் கலைகிற சிறு குழுக்களில் இந்த வருத்தம் இன்னும் சீக்கிரம் தலைகாட்டும். ஆடுகிறவர்களின் குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஞாயிற்றுக்கிழமையின் நீளம்தான் காரணம் என்பதைக் கீழே கணக்கோடு பார்க்கலாம்.

இப்போது ஆடப்படும் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது; 2024-இல் அதன் திருத்திய விதிப் புத்தகம் வந்தபின் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. ஒருவர் கையில் 2014 புத்தகம், பக்கத்தில் இருப்பவர் போனில் 2024 விதி. எந்த ஸ்பெல்லை (மந்திரத்தை) குறைப்பது, எதைத் தடை செய்வது என்று வாதம் நடக்கும்போது, இருவரும் ஒரே ஸ்பெல்லைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே சந்தேகமாகிவிடுகிறது.

முதலில் சொற்கள்

புதிதாக வருபவர்களுக்காக, இந்தக் கட்டுரைக்குத் தேவையான அளவு மட்டும்:

1. கிளாஸ்: ஒரு கேரக்டரின், அதாவது ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரத்தின், தொழில். ஃபைட்டர் ஆயுதத்தை நம்புகிறவர். விசார்ட் ஏட்டைப் படித்து மந்திரம் கற்றவர். கிளெரிக் தெய்வத்தின் அருளால் மந்திரம் செய்பவர்.
2. ஸ்பெல் ஸ்லாட்: மந்திரம் போடச் செலவாகும் இருப்பு. மந்திரத்தின் பலத்துக்கு ஏற்ப ஸ்லாட்டுக்கும் படி உண்டு. ஐந்தாம் லெவல் விசார்டுக்கு முதல் படியில் 4, இரண்டாம் படியில் 3, மூன்றாம் படியில் 2 என மொத்தம் 9 ஸ்லாட் உண்டு.
3. கேன்ட்ரிப்: ஸ்லாட் செலவில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய சின்ன மந்திரம்.
4. ஷார்ட் ரெஸ்ட், லாங் ரெஸ்ட்: முன்னது ஒரு மணி நேர இளைப்பாறல், பின்னது எட்டு மணி நேர ஓய்வு. விசார்டின் ஸ்லாட்டுகள் லாங் ரெஸ்டில்தான் முழுதாகத் திரும்பும். ஃபைட்டரின் முக்கியத் திறமைகள் பல ஷார்ட் ரெஸ்டிலேயே திரும்பிவிடும்.
5. டிஎம்: கதையை நடத்துகிறவர், தீர்ப்பும் சொல்கிறவர்.

வீட்டு விதி நமக்குப் புதிதல்ல

ஹவுஸ் ரூல் என்று புத்தகம் சொல்வதைத் தமிழில் வீட்டு விதி என்றே சொல்லலாம். தாயம் ஆடியவர்களுக்கு அதன் பொருள் விளக்க வேண்டியதில்லை. ஒரு வெட்டாவது வெட்டினால்தான் காய் உள்கட்டத்தில் ஏறலாம் என்பது ஒரு வீட்டில் சட்டம், பக்கத்து வீட்டில் அப்படி இல்லை. தெரு கிரிக்கெட்டில் எதிர்வீட்டு மாடிக்குப் பந்து போனால் அவுட்.

மாடிக்குப் போனால் அவுட் என்ற விதி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சிக்ஸர் அடிப்பது தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. சுவர் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது, பந்தை எடுக்கப் போனால் திட்டு விழும், ஆட்டம் நின்றுவிடும். இடத்தின் நெருக்கடியிலிருந்து பிறந்த விதி அது. டி அண்ட் டி-க்கு வீட்டு விதி எழுதும்போதும் நம் மேசையின் நெருக்கடி எது என்று பார்த்த பிறகே ஸ்பெல் பட்டியலைத் தொட வேண்டும். பல குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. நல்ல ஸ்பெல்களை வெட்டித் தள்ளிவிட்டு, வருத்தம் மட்டும் அப்படியே இருக்கிறதே என்று திகைக்கின்றன.

ஏற்றத்தாழ்வு எங்கே ஒளிந்திருக்கிறது

டி அண்ட் டி 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரின் பெயரில் வெளிவந்தது. அதன் மந்திர முறை அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்தது: மந்திரத்தைக் காலையில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும், சொன்ன மறுகணம் அது மனதை விட்டுப் போய்விடும். நம் ஊர்க் கற்பனை இதற்கு நேர் எதிரானது. நாம் மந்திரத்தை உருவேற்றுகிறோம். சொல்லச் சொல்ல அதன் பலம் ஏறும் என்று நம்புகிறோம். தமிழ் ஆட்டக்காரர்களுக்கு ஸ்லாட் என்ற எண்ணமே முதலில் செயற்கையாகத் தோன்றுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் சொன்னால் தீர்ந்துவிடும் என்ற அந்த வறுமைதான் மந்திரவாதிக்குப் போட்ட கடிவாளம். முழு ஆட்டமும் அதன்மேல் கட்டியிருக்கிறது.

அந்தக் கடிவாளம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: ஒரு தூக்கத்துக்கும் அடுத்த தூக்கத்துக்கும் நடுவில் போதுமான அளவு தொல்லை வர வேண்டும். 2014-இன் டிஎம் புத்தகம் ஒரு நாளைக்கு நடுத்தர அல்லது கடினமான மோதல்கள் ஆறு முதல் எட்டு வரை ஒரு குழு தாங்கும் என்கிறது. இப்போது நம் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம். ஐந்தாம் லெவலில் ஒரு சண்டை முடிய முக்கால் மணி நேரம் ஆவது சாதாரணம். பேச்சு, பயணம், போண்டா டீ எல்லாம் போக, ஒரு செஷனில் ஒரு சண்டை, மிஞ்சினால் இரண்டு. செஷன் முடியும்போது "சரி மச்சான், இங்கேயே கேம்ப் போட்டுத் தூங்கிடறோம், அடுத்த வாரம் காலையில இருந்து ஆரம்பிப்போம்" என்று யாராவது சொல்வார்கள். டிஎம்மும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் சரி என்பார். அந்த ஒரு "சரி"-யில் விசார்டின் 9 ஸ்லாட்டும் திரும்பிவிட்டன.

இது எவ்வளவு பெரிய சலுகை என்பதை எண்களில் பார்க்கலாம். எதிரியின் ஏசி (அடிபட இருபதுமுகப் பகடையும் போனஸும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) 15. ஃபைட்டருக்கும் விசார்டுக்கும் தாக்குதல் போனஸ் 7, அதாவது 65 சதவீதம் வெற்றி. கிரிட்டிகல் அடிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

1. ஃபைட்டர் பெரிய வாளால் ஒரு சுற்றில் இரண்டு முறை அடிப்பார். ஓர் அடிக்குச் சராசரி 11. தவறும் அடிகளைக் கழித்தால் ஒரு சுற்றுக்கு சுமார் 14. நான்கு சுற்றுச் சண்டையில், ஆக்‌ஷன் சர்ஜ் (தன் முறையில் இன்னொரு தடவை தாக்கவிடும் திறமை) ஒருமுறை சேர்த்து, சுமார் 71.
2. விசார்டின் ஃபயர்பால் மூன்றாம் படி மந்திரம்; எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. தப்பித்துக்கொள்பவருக்குப் பாதி. பத்தில் ஆறு பேர் முழுதாக வாங்குகிறார்கள் என்று கொண்டால் தலைக்கு சுமார் 22. நாலு பேர் வட்டத்துக்குள் சிக்கினால் 90. இரண்டு ஃபயர்பால், பின்னர் இரண்டு ஸ்கார்ச்சிங் ரே (இரண்டாம் படித் தீக்கதிர் மந்திரம்) என்று நான்கு சுற்றும் போட்டால் சுமார் 206.

ஒரே சண்டையில் 206-க்கு 71. ஏறக்குறைய மூன்று மடங்கு. முணுமுணுப்பு நியாயமானதுதான்.

அதே இருவரை ஒரு தூக்கத்துக்குள் ஐந்து சண்டை, நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று ஓட்டிப் பாருங்கள். மொத்தம் இருபது சுற்று. ஃபைட்டர் ஆக்‌ஷன் சர்ஜை மூன்று முறை பயன்படுத்தி சுமார் 329 எடுக்கிறார். விசார்ட் தன் ஆர்கேன் ரெகவரி திறமையால் ஒரு ஸ்லாட்டை மீட்டு மூன்று ஃபயர்பால் போடலாம். மீதி ஏழு ஸ்லாட்டில் மூன்று உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஷீல்டு போன்றவற்றுக்குப் போய்விடும். மற்ற நான்கு தாக்குதலுக்கு, எஞ்சிய பதின்மூன்று சுற்றும் கேன்ட்ரிப். ஒவ்வொரு ஃபயர்பாலிலும் நாலு பேர் சிக்கினால் மொத்தம் சுமார் 418. இரண்டு பேர்தான் சிக்கினார்கள் என்றால் சுமார் 283, ஃபைட்டரைவிடக் கீழே. கூட்டமாக வந்தால் விசார்ட் முன்னே, ஒன்றிரண்டு பேராக வந்தால் ஃபைட்டர் முன்னே. இதுதான் புத்தகம் நினைத்த சமநிலை.

இந்த இரண்டு கணக்கிலும் ஃபயர்பால் ஒன்றேதான், அதில் ஒரு பகடையைக்கூடக் குறைக்கவில்லை. தூக்கத்தின் தூரம் மட்டும்தான் மாறியது.

இருக்கிற விதியையே சரியாக ஆடுகிறோமா?

புது விதி எழுதுமுன் பழைய விதியை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. மந்திரவாதிகள் மிஞ்சிப் போகிற மேசைகளில் பெரும்பாலும் கீழுள்ளவற்றில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

1. கான்சன்ட்ரேஷன். ஒரே நேரத்தில் ஒரு கவன மந்திரம்தான் நிற்கும். அடி வாங்கினால் கான்ஸ்டிட்யூஷன் சேவ், அதாவது உடல்வலுவால் தாங்குகிறாரா என்று உருட்டும் பகடை; தவறினால் மந்திரம் முறியும். இலக்கு 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அது. நாலு அம்பு பட்டால் நாலு சேவ், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றல்ல.
2. ஒரே முறையில் இரண்டு மந்திரம். 2014 விதியில், போனஸ் ஆக்‌ஷனில் (முறைக்குள் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்) ஒரு ஸ்பெல் போட்டால் அந்த முறையில் ஆக்‌ஷனில் கேன்ட்ரிப் மட்டும்தான் போடலாம். 2024 விதி இதை எளிதாக்கியது: ஒரு முறையில் ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம்.
3. 2014 விதியில் 24 மணி நேரத்துக்கு ஒரு லாங் ரெஸ்டின் பலன்தான் உண்டு. 2024-இல் ஒன்று முடிந்து 16 மணி நேரம் கழித்தே அடுத்ததைத் தொடங்கலாம். காலை ஒன்பது மணிக்குச் சண்டை முடித்துவிட்டு உடனே படுக்க முடியாது.
4. கவுண்டர்ஸ்பெல். 2014-இல் மூன்றாம் படி வரையான மந்திரத்தை அது தானாகவே முறித்துவிடும். 2024-இல் எதிராளிக்கு சேவ் உண்டு, தோற்றாலும் அவருடைய ஸ்லாட் வீணாகாது. இரு புத்தகமும் கலந்திருக்கும் மேசையில் சண்டையை மூட்டிவிடும் ஸ்பெல் இது. எந்தப் பதிப்பு என்று முதல் நாளே எழுதிவிடுங்கள்.

தூக்கத்தை இடத்தோடு கட்டுவது

நாள் நீளமாக வேண்டும், ஆனால் ஞாயிறு நீளாது. இதற்கு ஒரே வழி, கேரக்டர்களின் நாளையும் நம் நாளையும் பிரித்துவிடுவது. செஷன் முடிந்தால் தூக்கம் என்ற பழக்கத்தை விட்டு, இன்ன இடத்தை அடைந்தால்தான் லாங் ரெஸ்ட் என்று வைப்பது. மந்திரவாதிகளைச் சமப்படுத்த ஒரே ஒரு வீட்டு விதிதான் போடலாம் என்றால் நான் இதைத்தான் போடுவேன்.

உதாரணத்துக்குச் சேர்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஊர் சுமார் 1500 மீட்டர் உயரத்தில். பேருந்தையும் தார்ச்சாலையையும் எடுத்துவிட்டு, காட்டுக்குள் வளைந்து ஏறும் கோவேறு கழுதைப் பாதையாக அதைக் கற்பனை செய்யுங்கள். குழுவில் விசார்ட், கிளெரிக், ஃபைட்டர், ரோக் (பதுங்குவதும் பூட்டுத் திறப்பதும் தொழிலாகக் கொண்டவர்). விதி இதுதான்: லாங் ரெஸ்ட் அடிவாரச் சத்திரத்தில் கிடைக்கும், மலைமேல் ஊரில் கிடைக்கும். நடுவில் எங்கு படுத்தாலும் அது ஷார்ட் ரெஸ்ட்.

மூன்றாம் வளைவில் வழிப்பறிக் கும்பல், ஆறு பேர். எட்டாம் வளைவில் மண்சரிவு, மேலே பனிமூட்டம், கைநீட்டினால் விரல் தெரியாது. பத்தாம் வளைவில் ஒரு சுனை, அங்கே இளைப்பாறல். பதின்மூன்றில் குகையிலிருந்து குட்டிகளோடு வரும் தாய்க்கரடி. கொல்லத்தான் வேண்டுமா என்பது குழுவின் முடிவு. பதினாறில் சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி படர்ந்த காபித் தோட்டம், அதில் உயிருள்ளவர்கள் யாரும் இல்லை, ஆனால் காவல் இருக்கிறது. இருபதில் மலைவாசல். இதை ஆடி முடிக்க மூன்று ஞாயிறு ஆகலாம். முதல் வாரம் எட்டாம் வளைவில் நின்றால், கேரக்டரின் விவரத் தாளான ஷீட்டில் பென்சிலால் அடித்த ஸ்லாட் அடுத்த ஞாயிறும் அடித்தபடியே இருக்கும்.

இப்போது விசார்டின் யோசனையே மாறுகிறது. மூன்றாம் வளைவிலேயே ஃபயர்பால் போடலாமா? இன்னும் பதினேழு வளைவு இருக்கிறதே. அவர் கேன்ட்ரிப் போட்டுக் காத்திருக்கும் அந்தச் சுற்றுகளில்தான் ஃபைட்டரின் வாளுக்கு மதிப்பு வருகிறது. தோட்டத்துக் காவலைப் பார்த்ததும், கடைசியாக வைத்திருந்த மூன்றாம் படி ஸ்லாட்டை எடுத்து அவர் வீசினால் மேசை முழுக்கக் கத்தும். அந்தச் சத்தம் வாரத்துக்கு வாரம் இலவசமாகக் கிடைக்கும் ஃபயர்பாலுக்கு வராது.

திரும்பி அடிவாரத்துக்கு இறங்கித் தூங்கிவிட்டு வரலாமா என்று யாராவது கேட்பார்கள். வரலாம், தடுக்கக் கூடாது. ஆனால் இறங்கி ஏறுவதற்குள் மேலே என்ன நடக்கும் என்பதை டிஎம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்: மலைமேல் ஊரில் இன்னொரு வீடு காலியாகிவிட்டது, சுனையில் யாரோ காவல் போட்டுவிட்டார்கள். விலை தெரிந்தபின் குழு எடுக்கும் முடிவு எதுவானாலும் அது நல்ல ஆட்டம்.

இந்த விதியோடு மூன்று சின்னத் திருத்தங்கள் கட்டாயம் வேண்டும். இவை இல்லாமல் போட்டால் தண்டனை மந்திரவாதிக்குப் பதில் ஃபைட்டர் தலையில் விழும்.

1. ஃபைட்டரின் ஆயுதம் தீராது, ஆனால் உயிர்ப்புள்ளி தீரும். முன்னால் நின்று அடி வாங்குகிறவர் அவர்தான். ஷார்ட் ரெஸ்டில் உடம்பைத் தேற்றப் பயன்படும் ஹிட் டைஸும் லாங் ரெஸ்டில்தான் திரும்புகிறது. ஆகவே பாதையில் ஓர் இரவு படுத்தால், செலவான ஹிட் டைஸில் பாதி திரும்பும் என்று வையுங்கள்.
2. மேஜ் ஆர்மர் போல எட்டு மணி நேரம் நிற்கும் மந்திரங்கள், பல நாள் நீளும் பயணத்தில் பயனற்றுப் போகும். அவற்றை அடுத்த லாங் ரெஸ்ட் வரை நிற்கவிடலாம்.
3. ஷார்ட் ரெஸ்டைத் தாராளமாகக் கொடுங்கள். வார்லாக் என்ற கிளாஸின் ஸ்லாட்டுகள் ஷார்ட் ரெஸ்டில் திரும்புபவை. பத்தாம் லெவல் வரை அவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. இளைப்பாறல் இல்லாத மலையேற்றம் அவரைத்தான் முதலில் சாகடிக்கும்.

2014-இன் டிஎம் புத்தகத்திலேயே இதற்கு ஓர் உறவினர் உண்டு: ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள் என்ற மாற்று விதி. மெதுவாக நகரும் கதைகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். 2013-இல் வந்த தேர்ட்டீன்த் ஏஜ் என்ற ஆட்டம் இன்னும் நேராகப் போய், நான்கு சண்டைக்கு ஒருமுறை முழு மீட்சி என்று வைத்தது. இடத்தோடு கட்டுவது எனக்குப் பிடிக்கக் காரணம், அதை விதி என்றே யாரும் உணர்வதில்லை. மலை ஏறும்போது நடுவில் தங்க இடமில்லை என்பது நமக்குத் தெரிந்த உண்மைதானே.

வெள்ளி நிறைய, வைரம் அரிது

இரண்டாவது கருவியைப் பலர் கவனிப்பதே இல்லை. சில மந்திரங்களுக்கு விலை குறிப்பிட்ட பொருள் வேண்டும். பெரும்பாலான பொருள்களுக்கு ஒரு பையோ கோலோ கையில் இருந்தால் போதும். விலை போட்டிருந்தால் மட்டும் அந்தப் பொருளே வேண்டும். செத்தவரை ஒரு நிமிடத்துக்குள் எழுப்பும் ரிவிவிஃபை மந்திரத்துக்கு 300 பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும், பயன்படுத்தினால் அது அழிந்துவிடும். ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 500 பொன் வைரம். தீய சக்திகளுக்கு எதிராக வட்டம் வரையும் மேஜிக் சர்க்கிளுக்கு வெள்ளித்தூளும் இரும்புத்தூளும், அல்லது புனித நீர், 100 பொன் மதிப்புக்கு.

பல மேசைகளில் இது வெறும் கணக்கு: ஷீட்டில் 300 பொன்னைக் கழித்துவிட்டு வைரம் இருந்ததாக வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்துக்கொள்ளாமல், கதை நடக்கும் ஊரில் என்ன விளைகிறது, என்ன விற்கிறது என்று கேளுங்கள். சேலம் வெள்ளிக்குப் பேர்போன ஊர். கொலுசுப் பட்டறைகள் தெருத்தெருவாக உண்டு. மலையில் பாக்சைட், அடிவாரத்தில் மாக்னசைட், வயலில் மரவள்ளி. வைரம் இங்கே தோண்டி எடுப்பதில்லை. சேலத்தை மாதிரியாக வைத்துக் கட்டிய ஒரு கற்பனை ஊரில் வெள்ளித்தூள் பட்டறை வாசலிலேயே கிடைக்கும். வைரம் வேண்டுமென்றால் தொலைதூர வணிகர் வர வேண்டும், வந்தாலும் ஒன்றோ இரண்டோ.

இதன் விளைவைக் கவனியுங்கள். கிளெரிக் பேய்க்கு எதிராக வட்டம் வரைவது இந்த ஊரில் மலிவு. ஊர்க்காரர்களே வாசலில் வெள்ளிக்கோடு இழைத்து வைத்திருப்பார்கள். செத்தவரை எழுப்புவது மட்டும் ஊருக்கே தெரிகிற பெரிய காரியம். ஒரே ஒரு வைரம் இருக்கிறது, கரடி அடித்த ரோகுக்கா, ஊர்த்தலைவரின் மகளுக்கா? எந்த மந்திரத்தையும் தடை செய்யவில்லை, ஒரு எண்ணையும் மாற்றவில்லை. ஆனால் மரண பயம் மேசைக்குத் திரும்பிவிட்டது. அந்த பயம் இருந்தால்தான் முன்வரிசையில் நிற்கும் ஃபைட்டரின் துணிச்சலுக்குப் பொருள் உண்டு.

இதே தர்க்கத்தை விலையில்லாப் பொருள்களுக்கு நீட்டாதீர்கள். ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக, எத்தனை உருண்டை எச்சம் மிச்சம் என்று வாராவாரம் எண்ணுவது மளிகைக்கடை நோட்டாகிவிடும். அதனால் யாருக்கும் லாபமில்லை.

சண்டைக்கு வெளியே இருக்கும் பள்ளம்

இதுவரை சொன்னது அடிதடியின் கணக்கு. உண்மையில் மந்திரவாதிக்கும் மற்றவருக்கும் நடுவில் உள்ள பெரிய பள்ளம் சண்டைக்கு வெளியேதான் இருக்கிறது. பூட்டிய கதவா, நாக். செங்குத்துப் பாறையா, ஃப்ளை. பசியா, குட்பெர்ரி: முதல் படி ஸ்லாட் ஒன்றுக்குப் பத்துக் கனி, ஒரு கனியில் ஒருவருக்கு ஒருநாள் பசி தீரும். ரோக் பத்து வருடம் கற்ற தொழிலை ஒரு ஸ்லாட் செய்துவிடுகிறது.

இங்கே தடை என்பது கடைசி மருந்து. பெரும்பாலும் விதியில் ஏற்கெனவே இருக்கும் விலையை வசூலித்தாலே போதும். நாக் போட்டால் 300 அடிவரை கேட்கும் தட்டுச் சத்தம் எழும் என்று விதியே சொல்கிறது. அந்தச் சத்தத்துக்குக் காவலர் வந்தே ஆக வேண்டும். அப்போது சத்தமில்லாமல் பூட்டைத் திறக்கும் ரோக்தான் முதல் தேர்வு. ஃப்ளை கவன மந்திரம். பறக்கிறவர் மேல் அம்பு பட்டால் போதாது, மந்திரம் போட்டவர் மேல் பட வேண்டும் என்பதை எதிரிகளும் தெரிந்து வைத்திருப்பார்கள்.

விதி மாற்ற வேண்டிய ஒன்று டைனி ஹட். ஸ்லாட் செலவில்லாமல் ரிச்சுவலாகவே போடலாம். எட்டு மணி நேரம் உள்ளே யாரும் நுழைய முடியாத கூடாரம். தூக்கத்தை இடத்தோடு கட்டிய பிறகு இந்த ஒரு மந்திரம் முழு ஏற்பாட்டையும் உடைத்துவிடும். மழைக்கும் பனிக்கும் காவலுக்கும் பயன்படும், ஆனால் அதற்குள் தூங்கினாலும் ஷார்ட் ரெஸ்ட்தான் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கைவைத்தால் கெடும் திருத்தங்கள்

மானா முறை. கணினி விளையாட்டுகளில் பழகியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், நம் உருவேற்றும் கற்பனைக்கும் அது நெருக்கமாகத் தெரிகிறது. 2014 டிஎம் புத்தகத்தில் ஸ்பெல் பாயிண்ட் என்ற மாற்று விதியாகவே இருக்கிறது. ஐந்தாம் லெவலில் 27 புள்ளி. முதல் படி மந்திரத்துக்கு 2, இரண்டாம் படிக்கு 3, மூன்றாம் படிக்கு 5. ஸ்லாட் முறையில் இரண்டு ஃபயர்பால் போடும் விசார்ட், புள்ளி முறையில் ஐந்து போடலாம், இன்னும் 2 புள்ளி மிஞ்சும். மந்திரவாதியைக் கட்டுப்படுத்த நினைத்துக் கொண்டுவந்த விதி அவருடைய உச்ச பலத்தை இரண்டரை மடங்காக்கிவிட்டது. புள்ளிமுறை பிடித்திருந்தால் ஆடுங்கள், ஆனால் அதைச் சமநிலைக் கருவியாக நினைத்துக் கொண்டுவராதீர்கள்.

மந்திரம் தவறும் பகடை. மந்திரம் போடுமுன் ஒரு பகடை உருட்டி, தவறினால் ஸ்லாட் போச்சு என்ற விதி. ஷேடோடார்க், டஞ்சன் க்ரால் கிளாசிக்ஸ் போன்ற ஆட்டங்களில் இப்படிப்பட்ட பகடை உண்டு, அங்கே அழகாகவும் இருக்கிறது, ஏனென்றால் முழு ஆட்டமும் அதைச் சுற்றிக் கட்டியது. ஐந்தாம் பதிப்பில் எதிரி உருட்டும் சேவ்தான் அந்தத் தவறும் பகடை. 60 சதவீதம் பலிக்கும் மந்திரத்தின் மேல் இன்னொரு 20 சதவீதத் தோல்வியை ஏற்றினால் 48-க்கு இறங்கும். பாதி நேரம் ஒன்றும் நடக்காமல் தன் முறை முடிந்துபோகும் ஒருவர், மூன்றாவது ஞாயிறு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவார்.

நடு ஆட்டத்தில் வெட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஸ்பெல் நன்றாக வேலை செய்த மறுநிமிடமே அதைக் குறைப்பது, சிக்ஸர் போனபின் மாடி விதியைச் சொல்வது போன்றது.

ஃபைட்டருக்குக் கொடுப்பது

எடுப்பதைவிடக் கொடுப்பது மேசைக்கு நல்லது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு எல்லா கிளாஸுக்கும் ஒரே சட்டகத்தில் திறமைகளைக் கொடுத்தது: எப்போதும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒருமுறை, நாளைக்கு ஒருமுறை. சமநிலை வந்தது, ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்ற குறையும் வந்தது. 2024 விதி வேறு வழி பிடித்தது. வெப்பன் மாஸ்டரி என்ற பெயரில் ஆயுதத்துக்கு ஆயுதம் வேறுபடும் திறமை: ஒன்று எதிரியைப் பின்னே தள்ளும், ஒன்று விழவைக்கும், ஒன்று வேகத்தைக் குறைக்கும். 2014 புத்தகத்தோடு ஆடும் குழுக்கள் இந்த ஒரு பகுதியை மட்டும் கடன் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம், வேறெதுவும் இடிக்காது. மலைப்பாதையில் எதிரியைப் பத்தடி பின்னே தள்ளுவது என்பது பல நேரம் ஃபயர்பாலுக்குச் சமம், வளைவின் மறுபக்கம் பள்ளம்தானே.

எழுதுவதும் அமல்படுத்துவதும்

வீட்டு விதியை வாயால் சொல்லாமல் தமிழில் ஒரு பக்கம் எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். மொழிபெயர்க்கத் தடை ஏதாவது உண்டா என்ற தயக்கம் வேண்டாம். 2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2023 ஜனவரியிலும், 2024 விதிகளின் தொகுப்பு 2025-இலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிவிட்டன. மூலத்தைக் குறிப்பிட்டால் தமிழாக்கி, திருத்தி, அச்சடிக்கவும் செய்யலாம். மேலே சொன்ன மலைக் கதைக்கு அந்தப் பக்கம் இப்படி இருக்கும்:

1. 2014 விதி. கவுண்டர்ஸ்பெல், வெப்பன் மாஸ்டரி இரண்டும் 2024-இன்படி.
2. லாங் ரெஸ்ட் அடிவாரச் சத்திரத்திலும் மலைமேல் ஊரிலும் மட்டும். பாதையில் இரவு தூங்கினால் ஷார்ட் ரெஸ்ட், கூடவே செலவான ஹிட் டைஸில் பாதி.
3. எட்டு மணி நேர மந்திரம் அடுத்த லாங் ரெஸ்ட் வரை நிற்கும். டைனி ஹட்டுக்குள் தூங்குவது லாங் ரெஸ்ட் ஆகாது.
4. வைரம் கடையில் கிடைக்காது, கதையில்தான் கிடைக்கும். வெள்ளித்தூள் பாதி விலை.
5. மூன்று செஷன் ஆடிப் பார்த்துவிட்டு எல்லாரும் பேசி மாற்றலாம். ஒரு செஷனின் நடுவில் யாரும், டிஎம் உட்பட, மாற்றக் கூடாது.

ஏற்கெனவே பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெயினில் இதைக் கொண்டுவந்தால் இன்னொரு வரியும் தேவை. டைனி ஹட்டை நம்பிக் கற்றுக்கொண்ட விசார்ட், விதி மாறிய அன்றே அதைக் கொடுத்துவிட்டு அதே படியில் வேறொன்றை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பழைய விதியை நம்பி வாங்கியதை அவர் நஷ்டத்தோடு சுமக்க வேண்டியதில்லை.